வேட்டைக்காரனும் காவல்காரனும்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைக்கு வந்தது, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்தியது, விடிவதற்குள் காணாமல் போனது. தாத்தா பாட்டி வழியாகவே நமக்கு வந்து சேர்ந்துவிட்ட கதை இது. அந்தக் கப்பல் எப்படி மாட்டிக்கொண்டது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியப் போர்க்கப்பல்கள் இந்துமாக்கடலைச் சல்லடை போட்டுச் சலித்தும் அது அகப்படவில்லை. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் கடலடித் தந்திக் கம்பியை அறுக்க எம்டன் ஆட்களை இறக்கியபோது, தீவிலிருந்த கம்பியில்லாத் தந்தி ஊழியர்கள் அபயச் செய்தி அனுப்பினார்கள். எம்டனைத் தேடி அலைந்த கப்பல் எதுவும் அப்போது பக்கத்தில் இல்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்த முப்பத்துச் சொச்சம் கப்பல்களின் கான்வாய்தான் கிட்டத்தில் இருந்தது. அதற்குக் காவலாக வந்த ‘சிட்னி’ பிரிந்து போய் எம்டனை நொறுக்கிவிட்டு வந்தது. இன்னொரு காவல் கப்பலான ஜப்பானிய ‘இபுகி’யும் சண்டைக்குப் போகத் துடித்தது. கான்வாயை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது நகரவில்லை.

வேட்டைக்குப் போனவர்களுக்குக் கிடைக்காதது காவலுக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது. யதேச்சை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இந்த யதேச்சை அடுத்த முப்பது ஆண்டுகளில் இரண்டு உலகப் போர்களிலும் திரும்பத் திரும்ப நடந்தது. அதைவிட வியப்பு, நடந்ததைக் கடற்படைகள் திரும்பத் திரும்ப மறந்தது. அறிவு போதாமல் மறந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கௌரவம் மறக்க வைத்தது.

சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, சுற்றிலும் போர்க்கப்பல்களை நிறுத்தி அழைத்துப் போவது பாய்மரக் காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம். நெப்போலியன் காலத்துப் போர்களின்போது, 1798இல், கான்வாயில் சேராமல் தனியே போகக் கூடாது என்று பிரிட்டன் சட்டமே போட்டது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்ட்டி, கான்வாய் உதவாது என்று அடித்துச் சொன்னது. 1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எச்சரிக்கை இல்லாமல் எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கத் தொடங்கியிருந்தன. அந்த ஏப்ரலில் மட்டும் உலகம் இழந்த கப்பல்கள் ஏறக்குறைய 8 லட்சத்து 60 ஆயிரம் டன். பிரிட்டனை விட்டுத் தொலைகடலுக்குப் போன கப்பல்களில் நான்கில் ஒன்று திரும்பவில்லை. இப்படியே போனால் போரைத் தொடர முடியாது என்று கடற்படைத் தலைவர் ஜெல்லிகோ அமெரிக்க அட்மிரல் சிம்ஸிடம் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கான்வாய் வேண்டாம். எல்லாக் கப்பலையும் ஒரே இடத்தில் சேர்த்தால் எதிரிக்கு லட்டு மாதிரி ஆகிவிடும், துறைமுகங்கள் திணறும், சரக்குக் கப்பல் கேப்டன்களுக்கு வரிசை கலையாமல் ஓட்டத் தெரியாது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் மேலே ஓர் எண்ணிக்கை வைத்திருந்தார்கள். வாரத்துக்கு 2,500 கப்பல்கள் வருகின்றன, 2,500 போகின்றன, இத்தனைக்கும் காவல் போட எங்கே போவது என்பது வாதம். ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்ற நடுத்தர அதிகாரி கப்பல் போக்குவரத்து அமைச்சகத்தின் பதிவேடுகளைப் பார்த்தார். கரையோரமாக ஊர்ந்து ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் சின்னஞ்சிறு படகுக் கப்பல்கள் வரை அந்த 2,500இல் சேர்ந்திருந்தன. சமுத்திரம் தாண்டி வரும் கப்பல்கள் வாரத்துக்கு 120 முதல் 140தான். எதிரியை ஏமாற்றுவதற்காகப் பெருக்கி வெளியிட்ட எண்ணை வெளியிட்டவர்களே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மே மாதம் ஜிப்ரால்டரிலிருந்து சோதனைக் கான்வாய் புறப்பட்டது. அதன் பிறகு கான்வாயில் சமுத்திரம் கடந்த கப்பல்களில் இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

வழக்கு அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். 1939 செப்டம்பரில் மறுபடி போர் வந்தபோது பிரிட்டன் கான்வாயை உடனே ஏற்பாடு செய்ததென்னவோ உண்மை. ஆனால் கையிலிருந்த நல்ல கப்பல்களில் சிலவற்றை ‘வேட்டைக் குழு’ என்று பிரித்து, விமானம் தாங்கிக் கப்பலோடு சேர்த்து, நீர்மூழ்கிகளைத் தேடி அனுப்பினார்கள். செப்டம்பர் 14ஆம் தேதி ‘ஆர்க் ராயல்’ டார்பிடோவுக்கு மயிரிழையில் தப்பியது. மூன்றே நாளில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ‘கரேஜியஸ்’ தப்பவில்லை. அதை யு-29 மூழ்கடித்தது; 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பரந்த கடலில் நீர்மூழ்கியைத் தேடிப் போகிறவன் பெரும்பாலும் அதைக் காண்பதில்லை. நீர்மூழ்கி அவனைக் கண்டுவிடுகிறது. சரக்குக் கப்பல்கள் இருக்கும் இடத்துக்கு அது தானே வரும், வந்துதான் ஆக வேண்டும். எனவே அதைச் சந்திக்க உத்தரவாதமான இடம் கான்வாயின் ஓரம். இவ்வளவு எளிய தர்க்கம் பதக்கம் வாங்கிய தலைகளில் ஏறவில்லை என்றால், தர்க்கத்தில் குறை இல்லை. வேட்டை வீரம் என்றும் காவல் வேலை என்றும் ஒரு மனக்கணக்கு இருந்தது.

நம் நினைவிலும் அதே கணக்குதான். 1941 மே மாதத்தில் ‘ஹூட்’ வெடித்துச் சிதறியதும் மூன்று நாள் கழித்து ‘பிஸ்மார்க்’ மூழ்கியதும் படமாகவும் பாட்டாகவும் வந்தாயிற்று. கான்வாய்களை அழிக்கப் புறப்பட்ட பிஸ்மார்க் தன் ஆயுளில் ஒரு சரக்குக் கப்பலைக்கூட மூழ்கடித்ததில்லை என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பிரிட்டனுக்கு வந்த கோதுமையும் பெட்ரோலும் வேறு கப்பல்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

அந்தக் கப்பல்கள் எப்படிப் போயின என்று பார்க்கலாம். நாற்பது சரக்குக் கப்பல்கள் என்றால் எட்டு ஒன்பது வரிசை, வரிசைக்கு நான்கைந்து. நீளத்தைவிட அகலம் அதிகம், ஏனென்றால் டார்பிடோ பக்கவாட்டில்தான் வரும். வரிசைகளுக்கு நடுவே ஆயிரம் கஜம், முன்கப்பலுக்கும் பின்கப்பலுக்கும் அதில் பாதி. எண்ணெயும் வெடிமருந்தும் ஏற்றியவை நடுவில். மொத்தக் கூட்டத்துக்கும் ‘கமடோர்’ என்றொருவர். பெரும்பாலும் ஓய்வு பெற்ற அட்மிரல், அறுபது வயதைத் தாண்டியவர், போருக்காகத் திரும்பி வந்து ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நின்று கொடிகளால் உத்தரவு தருபவர். மெதுவான கான்வாயின் வேகம் ஏழு நாட். சைக்கிளில் நிதானமாகப் போகிறவனுக்கு இதைவிட வேகம் வரும். இரவில் ஒரு விளக்கும் கிடையாது. முன்னால் போகும் கப்பலின் பின்புறத்து நுரையைப் பார்த்துக்கொண்டு, பனிமூட்டத்திலும் புயலிலும், இரண்டு வாரம்.

காவலுக்கு வந்தவை பெரும்பாலும் கார்வெட் என்ற குட்டிக் கப்பல்கள். திமிங்கில வேட்டைக் கப்பலின் வரைபடத்தை எடுத்து அவசரத்துக்குத் திருத்திக் கட்டியவை. பிரிட்டன் அவற்றுக்குப் பூக்களின் பெயர்களை வைத்தது: புளூபெல், கிளாடியோலஸ், ஹார்ட்ஸ்ஈஸ். பெயர்தான் பூ. அட்லாண்டிக் அலையில் அவை உருண்டு புரண்ட விதத்தில் உள்ளே இருந்தவர்களுக்கு உலர்ந்த துணியும் சூடான சோறும் அரிது.

1940 அக்டோபரில் கனடாவின் கேப் பிரெட்டனிலிருந்து புறப்பட்ட எஸ்.சி.-7 கான்வாயில் 35 கப்பல்கள். முதல் பல நாட்களுக்குக் காவல் ஒரே ஒரு சின்னப் போர்க்கப்பல். அயர்லாந்தை நெருங்கும்போது மேலும் சில வந்து சேர்ந்தன. அவற்றின் கேப்டன்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து பயிற்சி செய்ததே இல்லை. பிரான்ஸ் விழுந்த பிறகு லோரியானிலும் பிரெஸ்டிலும் தளம் போட்டுக்கொண்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் கூட்டமாக வந்து காத்திருந்தன. ஓட்டோ கிரெச்மரின் யு-99 நீர்மட்டத்திலேயே மிதந்தபடி, இருட்டில், சரக்குக் கப்பல்களின் வரிசைகளுக்கு நடுவே புகுந்து சுட்டது. இரும்புத் தாது ஏற்றிய கப்பல் ஒரு நிமிடத்தில் போய்விடும். மரக்கட்டை ஏற்றியது சாகாமல் மிதந்துகொண்டே கிடக்கும். சுரங்கத்துக்கான மரத்தூண்கள் கடல் முழுதும் இறைந்தன. 35இல் 20 போயின. புளூபெல் எதிரியைத் துரத்துவதா, தண்ணீரில் தத்தளிப்பவர்களைத் தூக்குவதா என்ற கேள்வியோடு இரவைக் கழித்தது. தூக்குவதைத் தேர்ந்தெடுத்தது. கிரெச்மரின் ஆட்டம் அடுத்த மார்ச்சில் முடிந்தது. எச்.எக்ஸ்.-112 என்ற கான்வாயைத் தாக்க வந்து, அதன் காவல் கப்பல்களிடமே அவர் சிறைபட்டார்.

நீர்மூழ்கி வரிசைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது என்பதை நடுக்கடலில் இருந்த யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சுற்றியிருந்த காவல் கப்பல்கள் வெளிப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அதைக் கண்டுபிடித்த இடம் லிவர்பூல் நகரத்தில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் மேல்மாடி. காசநோய் வந்ததால் கடற்படையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரை 1942 தொடக்கத்தில் திரும்ப அழைத்து, அங்கே ஓர் அறையைக் கொடுத்தார்கள். கூட ஒரு சிறு குழு, பெரும்பாலும் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். பலர் இருபதை ஒட்டிய வயதினர், பலர் கடலுக்கே போகாதவர்கள்.

தரையில் லினோலியம் விரித்துக் கட்டம் போட்டார்கள். அதுதான் அட்லாண்டிக். அதன் மேல் மரத்தில் செய்த கப்பல் பொம்மைகள். சுற்றிலும் கேன்வாஸ் திரை. அதில் சின்னத் துளைகள். காவல் கப்பல் கேப்டன்கள் திரைக்குப் பின்னால் நின்று, கடலில் அந்த இரவில் என்ன தெரியுமோ அதை மட்டும் துளை வழியே பார்க்க வேண்டும். காவல் கப்பலின் பாதையை வெள்ளைச் சாக்பீஸால் கோடிழுப்பார்கள். நீர்மூழ்கியின் பாதைக்குப் பச்சைச் சாக்பீஸ். துளை வழியே பார்க்கும் கண்ணுக்கு அந்தத் தரையில் பச்சை தெரியாது. நடந்து முடிந்த தாக்குதல்களை ஒவ்வொன்றாக இப்படித் திரும்ப ஆடிப் பார்த்தபோது, வெளியிலிருந்து சுட்டால் குறிப்பிட்ட கப்பலுக்கு அடி விழ வாய்ப்பே இல்லை என்று தெரிந்தது. நீர்மூழ்கி பின்புறமாக வந்து, வரிசைக்குள் புகுந்து, சுட்டுவிட்டு, அங்கேயே மூழ்கி, கான்வாய் தலைக்கு மேலே கடந்து போகும் வரை காத்திருந்தது. முன்னே ஓடித் தேடிய காவல் கப்பல்கள் அதற்கு வழிவிட்டுக்கொண்டிருந்தன. தாக்குதல் நடந்ததும் கான்வாயின் பின்பக்கத்துக்குத் திரும்பி வரிசையாகத் துழாவ வேண்டும் என்று புது முறை வகுத்தார்கள். ஜீன் லெய்ட்லா என்ற பெண் அதிகாரி அதற்கு ‘ராஸ்ப்பெரி’ என்று பெயர் வைத்தார். ஹிட்லரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிச் சத்தம் எழுப்புவது என்று அர்த்தம்.

மேற்குக் கடல்வழித் தலைமையை 1942 நவம்பரில் ஏற்ற அட்மிரல் மேக்ஸ் ஹோர்டன் முதல் உலகப் போரில் பேர் பெற்ற நீர்மூழ்கிக் கேப்டன். இந்த விளையாட்டில் தான் நீர்மூழ்கியாக ஆடுகிறேன் என்று இறங்கினார். எதிரே ஆடியவர் ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண். ஐந்து முறை ஆடி ஐந்து முறையும் ஹோர்டன் தோற்றார். அந்த அறையில் போர் முடிவதற்குள் ஐயாயிரம் அதிகாரிகள் வரை பாடம் படித்தார்கள். கடற்போர் என்றதும் புகையும் பீரங்கியும்தான் நமக்குத் தோன்றும். முழங்காலில் தவழ்ந்து சாக்பீஸ் கோடு போட்ட பெண்கள் தோன்றுவதில்லை.

இதே சமயத்தில் லண்டனில் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். (பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், நேருவுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொன்னவர், அதே பிளாக்கெட்தான்.) சின்னக் கான்வாய்தான் பாதுகாப்பு என்பது அட்மிரால்ட்டியின் நெடுநாள் நம்பிக்கை. பதிவேடுகளை எடுத்துப் பார்த்தால், சராசரி 32 கப்பல்கள் கொண்ட கான்வாய்களில் இழப்பு நூற்றுக்கு 2.5, சராசரி 54 கொண்டவற்றில் 1.1. காரணம் பள்ளிக்கூட வடிவியல். கப்பல்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் அவை அடைக்கும் பரப்பு இரட்டிப்பாகும், சுற்றளவு அப்படி ஆகாது. காவல் நிற்பதோ சுற்றளவில். தாக்க வரும் நீர்மூழ்கியிடம் இருக்கும் டார்பிடோவும் அதே எண்ணிக்கைதான். ஆகவே பெரிய கான்வாய், குறைந்த காவல், குறைந்த இழப்பு. முதல் போரில் ‘லட்டு’ என்று பயந்தார்களே, அதற்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த பதில் இது. 1944 கோடையில் எச்.எக்ஸ்.-300 என்ற கான்வாயில் 160க்கும் மேற்பட்ட கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடந்தன. போரின் மிகப் பெரிய கான்வாய். ஒரு கப்பல்கூடப் போகவில்லை. அதனால் அதைப் பற்றிப் படம் எதுவும் வரவில்லை.

கான்வாய் ஏன் பிழைத்தது என்பதைப் புரிந்துகொள்ள, கான்வாயைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 1942 ஜூன் 27ஆம் தேதி ஐஸ்லாந்திலிருந்து ரஷ்யாவுக்குப் புறப்பட்ட பி.க்யூ.-17இல் 35 சரக்குக் கப்பல்கள். டாங்கிகள், விமானங்கள், லாரிகள். ஜெர்மனியின் ராட்சசப் போர்க்கப்பல் ‘டிர்பிட்ஸ்’ நார்வேயில் இடம் மாறியிருந்தது. அது கான்வாயைத் தாக்க வருகிறது என்று லண்டனில் உட்கார்ந்திருந்த கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் முடிவு கட்டினார். ஜூலை 4 இரவு அடுத்தடுத்து மூன்று உத்தரவுகள்: குரூசர்கள் மேற்கே திரும்பட்டும், கான்வாய் பிரியட்டும், கான்வாய் சிதறட்டும். காவல் கப்பல்களில் பலவும் விலகிப் போயின. டிர்பிட்ஸ் அப்போது புறப்படவே இல்லை. மறுநாள் புறப்பட்டு அன்றைக்கே திரும்பிவிட்டது. தனித்தனியே ஓடிய சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகளும் விமானங்களும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தன. 24 கப்பல்கள் மூழ்கின. 400க்கும் மேற்பட்ட டாங்கிகள், 200க்கும் மேற்பட்ட விமானங்கள் கடலடிக்குப் போயின. வராத ஒரு கப்பலுக்குப் பயந்து இத்தனை இழப்பு.

அந்தக் குழப்பத்தில் ‘அயர்ஷைர்’ என்ற ஒரு கப்பல். மீன்பிடி டிராலரைப் போருக்குத் திருத்தியது. அதன் கேப்டன் லியோ கிராட்வெல் தொழிலால் வழக்கறிஞர். சிதறச் சொன்ன உத்தரவு அவர் காதிலும் விழுந்தது. அவர் மூன்று சரக்குக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு வடக்கே, பனிப்பாறைகளுக்குள்ளேயே நுழைந்தார். அதில் ஒரு கப்பலில் வெள்ளைப் பெயின்ட் இருந்தது. நான்கு கப்பல்களின் பக்கவாட்டிலும் மாலுமிகள் தொங்கிக்கொண்டு வெள்ளையடித்தார்கள்; வெள்ளை விரிப்புகளைத் தளத்தில் பரப்பினார்கள். மேல்தளத்தில் கட்டியிருந்த டாங்கிகளின் பீரங்கிகளில் குண்டு போட்டுத் தயாராக வைத்தார்கள். மேலே பறந்த ஜெர்மன் விமானிகளுக்குப் பனிதான் தெரிந்தது. ஆபத்து குறைந்ததும் நோவாயா செம்லியா கரையைப் பிடித்து ஊர்ந்து, மூன்றையும் ஒரு கீறல் இல்லாமல் ஆர்க்காங்கெல்ஸ்க் சேர்த்தார். அட்மிரல்கள் விட்டுப்போன காவலை ஒரு வக்கீல் செய்தார். போருக்குப் பின் அவர் லண்டனில் மாஜிஸ்திரேட் ஆனார்.

அதற்கு மூன்று மாதம் முன்பு நம் பக்கத்துக் கடலிலும் இதே பாடம். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இலங்கைக்கு வந்தது. ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அருகே ‘ஹெர்மிஸ்’ விமானம் தாங்கிக் கப்பல் தன் விமானங்கள் கூட இல்லாமல் மூழ்கியதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் துணையில்லாமல் சிதறிப் போய்க்கொண்டிருந்த 20க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை ஜப்பானிய அட்மிரல் ஒசாவாவின் படை முடித்துக்கட்டியது. அந்த மாதம் சென்னை காலியானதற்குப் பின்னால் இந்தச் செய்திகளும் இருந்தன.

அமெரிக்காவின் கதையை நீட்டத் தேவையில்லை. 1942 தொடக்கத்தில் ஐந்தே நீர்மூழ்கிகள் அதன் கிழக்குக் கரைக்கு வந்தபோது கடற்கரை நகரங்கள் விளக்கை அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் எண்ணெய்க் கப்பல்கள் திரையில் விழுந்த நிழல்போலத் தெரிந்தன. கான்வாய்க்குப் போதுமான காவல் இல்லை, ஆகவே கான்வாயே வேண்டாம் என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் கிங் இருந்தார். ரோந்துக் கப்பல்கள் நாலாபுறமும் ஓடித் தேடின. மே மாதம் கரையோரக் கான்வாய் வந்தது. நீர்மூழ்கிகள் தெற்கே இடம் மாறின.

நேர்மையாகச் சொன்னால், வேட்டையும் ஒருநாள் பலித்தது. ஆனால் எப்போது? பிளெட்ச்லி பார்க்கில் ரகசியக் குறியீடுகளை உடைத்து, குறுகிய அலை ரேடாரும் ரேடியோ திசைகாட்டியும் கையில் கிடைத்து, எதிரி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு. அப்போதும் பிரிட்டிஷ் கேப்டன் வாக்கர் போன்ற தேர்ந்த வேட்டைக்காரர்கள் கான்வாயைச் சுற்றியே பெரும்பாலும் வேட்டையாடினார்கள். நடு அட்லாண்டிக்கில் விமானம் எட்டாத ஒரு பகுதி 1943 வசந்தம் வரை இருந்தது. அங்கே பறக்கக்கூடிய நெடுந்தூர லிபரேட்டர் விமானங்கள் சில டஜன் போதும். பெரிய நான்கு எஞ்சின் விமானங்களோ ஜெர்மன் நகரங்களைக் குண்டு வீசித் தாக்கத்தான் தேவை என்று மேலிடத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 1943 மார்ச்சில் எச்.எக்ஸ்.-229, எஸ்.சி.-122 என்ற இரண்டு கான்வாய்களில் 22 கப்பல்கள் போன பிறகுதான் கொஞ்சம் தாராளம் வந்தது.

மே மாதம் எஸ்.சி.-130 புறப்பட்டது. காவல் தலைவர் பீட்டர் கிரெட்டனுக்கு மாதக் கடைசியில் கல்யாணம். கான்வாய் தாமதமாகக் கூடாது என்பதில் அவருக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. நீர்மூழ்கிகள் கூட்டமாக வந்தன. மேலே லிபரேட்டர்கள், கீழே பயிற்சி பெற்ற காவல் கப்பல்கள். ஒரு சரக்குக் கப்பலும் போகவில்லை. நீர்மூழ்கிகள் போயின; அவற்றில் ஒன்றான யு-954இல் ஜெர்மன் கடற்படைத் தளபதி டூனிட்ஸின் இளைய மகன் பீட்டர் இருந்தான், வயது 21. அந்த ஒரே மாதத்தில் ஜெர்மனி இழந்தவை 41. மே 24இல் வடக்கு அட்லாண்டிக்கை விட்டு விலகும்படி டூனிட்ஸ் உத்தரவிட்டார். கிரெட்டனின் கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது.

காவலை இளக்காரமாகப் பார்த்ததற்கு முழு விலையைக் கொடுத்த நாடு ஜப்பான். எண்ணெய், அரிசி, இரும்பு எல்லாம் கடல் வழி வர வேண்டிய தீவு நாடு. அதன் கடற்படையோ பெரும் போர்க்கப்பல்களின் ஒற்றைத் தீர்ப்புப் போர் ஒன்றைக் கனவு கண்டு, கான்வாய்க் காவலை முதுகுப் பக்கம் தள்ளி வைத்தது. அதற்கென்று தனித் தலைமையகம் அமைத்தது 1943 நவம்பரில், போர் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகப்போகும் வேளையில். அமெரிக்கக் கடற்படை ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத நீர்மூழ்கிப் பிரிவு, ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் மூழ்கடித்தது. அதன் பெரும் போர்க்கப்பல் ‘யமாட்டோ’ கடைசிப் பயணம் போன 1945 ஏப்ரலில் அதற்கு எண்ணெய் தேடவே சிரமப்பட்டார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு பக்கம் உண்டு. காவல் கப்பல்களுக்கு நடுவே போன சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள் யார்? பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஊழியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். லஸ்கர் என்பார்கள். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், கோவா, ரத்னகிரி என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். சில்ஹெட்காரர்களுக்குப் பெரும்பாலும் கப்பலின் அடிவயிற்றில், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. டார்பிடோ முதலில் தேடுவது அந்த அறையைத்தான். பிரிட்டிஷ் மாலுமியின் சம்பளத்தில் ஒரு துண்டுதான் இவர்களுக்குச் சம்பளம். 1939 இறுதியில் போர்க்காலப் படியோடு சம்பள உயர்வு கேட்டு பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோரைச் சிறையில் போட்டார்கள். பிரிட்டிஷ் மாலுமிக்கும் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. 1941 மே வரை, கப்பல் மூழ்கினால் அன்றோடு சம்பளமும் நின்றது. உயிர்காப்புப் படகில் கிடந்த நாட்களுக்குக் காசு கிடையாது.

1940 செப்டம்பரில் காசியின் பெயர் தாங்கிய ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. குண்டுவீச்சுக்குத் தப்ப அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில். ஊழியர்களில் பெரும்பாலானோர் இந்தியர். 17ஆம் தேதி, காவலுக்கான எல்லை வந்துவிட்டது என்று காவல் கப்பல்கள் திரும்பிவிட்டன. அன்று இரவே யு-48 சுட்டது. குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். 12ஆம் எண் படகு எட்டு நாள் மிதந்து கண்டுபிடிக்கப்பட்டது. ஆறு சிறுவர்கள், அவர்களோடு இருந்த ஆசிரியை மேரி கார்னிஷ் ஆகியோர் பெயர்கள் உலகப் புகழ் பெற்றன. அந்தப் படகிலிருந்த 46 பேரில் பெரும்பகுதி லஸ்கர்கள்.

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் போர்க்காலத்தில் இறந்தவர்கள் 30,000க்கும் மேல். அதில் இந்தியர் ஆறாயிரத்துச் சொச்சம். லண்டன் டவர் ஹில்லில் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களை வெண்கலத்தில் பொறித்திருக்கிறார்கள். இந்திய மாலுமிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் பாதுகாக்கப்படும் கனத்த ஏடுகளில் இருக்கின்றன. ரஷ்யாவுக்குப் போன ஆர்க்டிக் கான்வாய்க்காரர்களுக்கு பிரிட்டன் தனிப் பதக்கம் கொடுத்தது 2013இல்தான்; வாங்க உயிரோடு இருந்தவர்கள் தொண்ணூறைத் தொட்ட கிழவர்கள். நம் அரசு ஏப்ரல் 5ஆம் தேதியை தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறது. சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ கப்பல் 1919இல் மும்பையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட நாள் அது, கொண்டாட வேண்டியதுதான். கூடவே அந்த மும்பை ஏட்டையும் எடுத்து மேடையில் வைத்து, பெயர்களை வாசிக்கச் சொல்லலாம். ஆண்டுக்கு நூறு பெயர் என்று வைத்துக்கொண்டாலும் வாசித்து முடிக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.